பறவைகளின் கட்டுச்சோறு



மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் கோடியக்கரைக்குப் போகலாம் என்றால், "சீசன் முடிஞ்சிருச்சே" என்பார்கள். பூநாரைக் கூட்டத்தைப் பார்க்க டிசம்பர், ஜனவரிதான் ஏற்ற காலம். ஆனால் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர இந்த வாரங்களே சிறந்தவை. குளிர்காலத்தை நம் கடற்கரையில் கழித்த பறவைகள் ஊர் திரும்ப ஆயத்தமாகும் நேரம் இது.

சேற்றில் நடக்கும் தயாரிப்பு

கொசு உள்ளான் என்ற பறவை சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும். எடை சுமார் 25 கிராம். அது முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது வடதுருவத்தை ஒட்டிய குளிர்நிலத்தில். அங்கே போய்ச் சேர ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறக்க வேண்டும். அதனால் புறப்படும் முன் பகல் இரவு பாராமல் சேற்றைக் கிளறிப் புழு, பூச்சி, சிறு நத்தைகளைத் தின்று உடலில் கொழுப்பைச் சேர்க்கிறது. இதுதான் அதன் கட்டுச்சோறு. இறகும் மாறுகிறது. குளிர்காலத்தில் சாம்பல் நிறமாக இருந்த சில உள்ளான்கள் ஏப்ரலில் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும்.

இந்தக் கொழுப்பை வைத்து எவ்வளவு தூரம் பறக்க முடியும்? 2022-இல் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட பட்டைவால் மூக்கன் ஒன்று, அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா வரை 11 நாட்களில் சுமார் 13,560 கிலோமீட்டர் பறந்தது. வழியில் எங்கும் இறங்கவில்லை. சுப்ஹானல்லாஹ்!

வானில் சிறகுகளை விரித்தும் மடக்கியும் பறக்கும் பறவைகளைப் பார்க்கச் சொல்கிறது திருக்குர்ஆனின் 'அல்முல்க்' அத்தியாயம். காலையில் வெறும் வயிற்றோடு கிளம்பி மாலையில் வயிறு நிறைந்து திரும்பும் பறவையை, தவக்குலுக்கு உதாரணமாகக் காட்டினார்கள் நபி (ஸல்) அவர்கள் (திர்மிதீ). அந்தப் பறவை கூட்டிலேயே உட்கார்ந்திருக்கவில்லை, கிளம்பிப் போனது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். உழைப்பும் தவக்குலும் சேர்ந்தே இருக்கின்றன.

நாம் பறிக்கக் கூடாதது

கூட்டமாகப் பறக்கும் வீடியோ வேண்டும் என்று பறவைகளை நோக்கி ஓடுவதும் கை தட்டுவதும் நம் பிள்ளைகளிடம் மட்டுமல்ல, பெரியவர்களிடமும் உள்ள பழக்கம். நமக்கு அது பத்து விநாடி வேடிக்கை. பறவைக்கோ சேர்த்து வைத்த கொழுப்பில் ஒரு பங்கு வீண், மேயும் நேரமும் வீண். ஒரே நாளில் இப்படிப் பல கூட்டங்கள் விரட்டினால், பயணிக்குரிய சோற்றை நாம் பறித்ததாகவே ஆகும்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் இருக்கிறது. வலை வைத்துப் பிடித்த உள்ளானும் கொக்கும் ரகசியமாக விற்பனைக்கு வருவதுண்டு. "ஹலாலான பறவைதானே" என்று சிலர் வாங்குகிறார்கள். இனம் ஹலாலாக இருக்கலாம். ஆனால் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். அதிலும் இந்தக் காலத்தில் பிடிபடுவது, குளிர்காலம் முழுவதும் தப்பிப் பிழைத்துக் குஞ்சு பொரிக்கப் போகும் பறவை. அதோடு அந்த ஆண்டின் குஞ்சுகளும் இல்லாமல் போகின்றன. வாங்குபவர் இல்லாவிட்டால் வலையும் இருக்காது.

ஒரு பயணத்தில் தோழர்கள் சிலர் ஒரு பறவையின் குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப்பறவை தவித்துச் சிறகடிப்பதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கும்படி உத்தரவிட்டார்கள் (அபூதாவூத்). ஒரு பறவையின் தவிப்பைக்கூட அவர்கள் பார்க்காமல் கடந்து போகவில்லை.

ஒரு சிறுவனின் கேள்வி

மும்பையில் ஒரு முஸ்லிம் சிறுவன் ஏர்கன்னால் ஒரு குருவியைச் சுட்டான். தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்ததால், இதை உண்ணலாமா என்று சந்தேகம். மாமாவிடம் கேட்டான். அவர் அவனைப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்பினார். அங்கே குருவியின் பெயரைச் சொன்னதோடு, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளையும் காட்டினார்கள். அந்தச் சிறுவன்தான் டாக்டர் சலீம் அலி (1896–1987). பின்னாளில் அந்தச் சங்கம் கோடியக்கரையில் பறவைகளுக்கு வளையமிட்டுப் பல ஆண்டுகள் ஆய்வு நடத்தியது. 1967-இல் அவ்விடம் சரணாலயமானது. 2002-இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. பிள்ளை கேள்வி கேட்கும்போது "சும்மா இரு" என்று சொல்லாத ஒரு பெரியவர் வேண்டும். அவ்வளவுதான்.

போகும் நாளில்

• சுப்ஹு தொழுததும் கிளம்புங்கள். பத்து மணிக்கு மேல் வெயில் தாங்காது. முதுகுக்குப் பின்னால் சூரியன் இருக்கும்படி நின்றால் நிறம் தெளிவாகத் தெரியும்.
• வனத்துறைச் சாவடியில் அனுமதி பெற்று, அவர்கள் காட்டும் பாதையிலேயே செல்லுங்கள்.
• பைனாகுலர் ஒன்று போதும், முறை வைத்துப் பார்க்கலாம். பறவை மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கினால், நாம் நெருங்கிவிட்டோம் என்று பொருள். இரண்டடி பின்வாங்குங்கள்.
• முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அந்த அளவை வைத்து மொத்தக் கூட்டத்தை மதிப்பிடப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். நோட்டில் எழுதட்டும்.
• ஒளு செய்யத் தண்ணீரும் முஸல்லாவும் எடுத்துச் செல்லுங்கள். சாப்பிட்ட குப்பையை வீட்டுக்கே கொண்டுவாருங்கள்.

கோடியக்கரை போக வசதியில்லையா? ஊர்க் குளக்கரையிலும் அறுவடை முடிந்த வயலிலும் உப்பளத்திலும் இதே பறவைகளில் சிலவற்றைக் காணலாம்.

வீட்டில் பேச

1. பறவை பயணத்துக்குக் கொழுப்பைச் சேர்க்கிறது. நம் மறுமைப் பயணத்துக்கு நாம் எதைச் சேர்க்கிறோம்?
2. யாரும் பார்க்காத இடத்தில் ஒரு பறவைக் கூட்டத்தை விரட்டாமல் கடந்து போவது எப்படி நன்மையாகிறது?

பலவீனமான உயிர்களிடம் இரக்கம் காட்டுவோராக அல்லாஹ் நம்மையும் நம் பிள்ளைகளையும் ஆக்குவானாக. ஆமீன்.