ஆட்டின் கண்ணிமை கூறும் செய்தி

மழை ஓய்ந்து மேய்ச்சல் நிலம் பசுமை கொண்டிருக்கும் நாட்களில் செம்மறியாடுகள் காரணம் புலப்படாமல் மடிகின்றன என்று அங்கத்தினர் சிலர் முறையிடக் கேட்கிறோம். சங்கக் கடனில் வாங்கிய ஆடு மடிந்தால் ஆடு போய்விடுகிறது, தவணையோ நின்றுவிடுவதில்லை. ஆகவே இதன் காரணத்தை ஆராய்வோம்.

இத்தகைய மரணங்களுக்குப் பெருங்காரணங்களுள் ஒன்று, ‘ஹீமாங்கஸ்’ என்னும் இரத்தம் உறிஞ்சும் உருண்டைப் புழுவாகும். ஆட்டின் நான்காம் இரைப்பையில் வாழும் இப்புழு ஒன்றினால் நாளொன்றுக்கு இழக்கப்படும் இரத்தம் ஏறத்தாழ 0.05 மில்லிலிட்டர். இது சொற்பமே. ஆனால் 5,000 புழுக்கள் இருப்பின் நாள்தோறும் கால் லிட்டர் இரத்தம் வீணாகிறதன்றோ? புழுவின் முட்டைகள் புழுக்கையுடன் வெளிவந்து ஈரத்தில் பொரிக்கின்றன. இளம்புழுக்கள் புல்லில் ஏறி, மேயும் ஆட்டின் வயிற்றை அடைகின்றன.

நலமுள்ள ஆட்டின் இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 100-க்கு 27 முதல் 45 வரை இருக்கும். நோய் முற்றினால் அது 15-க்கும் கீழே இறங்கும். புரதமும் குறைவதால் தாடையின் கீழ் நீர் கோத்துத் தொங்கும். அன்றியும், புழுவை எதிர்க்க உடல் வெளிவிடும் வீரியமிக்க ஆக்ஸிஜன் பொருள்கள் அளவு மீறி, எஞ்சிய சிவப்பணுக்களின் மெல்லுறையையும் சிதைக்கக் கூடும். இதனையே ஆக்ஸிஜனேற்ற அழுத்தம் என்பர். இந்நோயில் கழிச்சல் பெரும்பாலும் காணப்படாது. கழிச்சல் இல்லையென்று வாளாவிருத்தல் ஆகாது.

இதனை அறிய எளிய வழி ஒன்றுண்டு. தென்னாப்பிரிக்காவில் 1990-களில் உருவாக்கப்பட்ட ‘ஃபமாச்சா’ அட்டையில் சிவப்பு முதல் வெளிறிய நிறம் வரை ஐந்து படிகள் உள்ளன. பகல் வெளிச்சத்தில் ஆட்டின் கீழிமையை விலக்கி, உட்புற நிறத்தை அட்டையுடன் ஒப்பிட வேண்டும். 4, 5-ஆம் படியில் உள்ளவற்றிற்கு மருந்து அவசியம். 3-ஆம் படியாயின், குட்டிகளுக்கும் சினை ஆடுகளுக்கும் கொடுப்பது நலம். வேறு காரணங்களாலும் இமை வெளிறுமாதலால், கால்நடை மருத்துவரிடம் புழுக்கையைப் பரிசோதித்துக்கொள்ளல் வேண்டும்.

மந்தை முழுவதற்கும் ஒரே மருந்தை அடிக்கடி புகட்டுவதும், எடை பாராமல் குறைத்துப் புகட்டுவதும் தவறு. அவற்றால் புழுக்கள் மருந்தை வெல்லும் ஆற்றல் பெறுகின்றன, பணமும் விரயமாகிறது. சங்கத்திற்கு ஓர் அட்டையும் ஆடு நிறுக்கும் தராசு ஒன்றும் பொதுவில் வாங்கி வைத்தால், ஒருவருக்குப் பாரமாகும் செலவு பலருக்கு இலேசாகும். கூட்டுறவின் பயன் அதுவே.