நாடாளுமன்றத்தில் எதைக் கேட்கச் சொல்வது?

கேள்வி: நான் பல ஆண்டுகளாகப் பிடோக்கில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. எங்கள் புளோக்கின் கீழே இருக்கும் நீலத் தொட்டியில் புட்டிகளைக் கழுவிப் போடுகிறேன். அதன் மேலேயே யாரோ மீந்த சோற்றுப் பொட்டலத்தைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கம் போனால் சுற்றுப்பயணிகள் விட்டுப்போன தண்ணீர்ப் புட்டிகள் நடைபாதை ஓரமெல்லாம் கிடக்கின்றன. கடைகளில் குளிர்சாதனம் ஓடுகிறது, கதவோ அகலத் திறந்திருக்கிறது. மின்கட்டணத்துக்குப் பயந்து நான் மின்விசிறியோடு தூங்குகிறேன். சுற்றுலா, மறுபயனீடு, மின்சிக்கனம் மூன்றையும் சேர்த்து ஒரே மனுவாக எழுதி, மக்கள் சந்திப்பில் எங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கொடுக்கப்போகிறேன். அவர் பேசினால் ஏதாவது மாறுமா? நான் கழுவிப் போடுவதே வீண் வேலையா?

— ஒரு வாசகி, பிடோக்

பதில்: அன்புள்ள அம்மா, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கழுவுவது வீண் இல்லை. ஆனால் உங்களைப் போன்றவர்களின் உழைப்பை அந்தத் தொட்டியின் அமைப்பே பாதி கெடுத்துவிடுகிறது.

தேசிய மறுபயனீட்டுத் திட்டம் 2001இல் தொடங்கியது. தாள், பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம் எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் போடலாம், பிறகு ஆலையில் பிரித்துக்கொள்வார்கள் என்பது ஏற்பாடு. மக்களுக்கு எளிது, உண்மைதான். ஆனால் அந்தத் தொட்டிகளில் சேர்வதில் சுமார் 40 விழுக்காடு மறுபயனீட்டுக்கு ஆகாதது என்று தேசிய சுற்றுப்புற வாரியமே சொல்கிறது. மீந்த சாப்பாடு, பயன்படுத்திய டிஷ்யூ, ஸ்டைரோஃபோம் பெட்டி எல்லாம் அதில் அடக்கம். நீங்கள் பார்த்த சோற்றுப் பொட்டலத்திலிருந்து குழம்பு கசிந்தால் அடியில் கிடக்கும் செய்தித்தாளும் அட்டைப்பெட்டியும் பாழ். புட்டியை ஆலையில் கழுவி எடுத்துவிடலாம். எண்ணெய் ஊறிய தாளை மீட்கவே முடியாது. அதனால், புட்டியைக் கழுவுவதைவிடத் தாளைக் காப்பாற்றுவது முக்கியம் என்பேன். பழைய செய்தித்தாளைக் கட்டிவைத்து, பழைய பொருள் வாங்கும் காராங்குனிக்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.

வீடுகளின் மறுபயனீட்டு விகிதம் 2018இல் 22 விழுக்காடாக இருந்தது. 2020இல் 13, 2024இல் 11. பழைய தாள், பிளாஸ்டிக் இறக்குமதியைச் சீனா 2018 முதல் கட்டுப்படுத்தியதும் இதற்கு ஒரு காரணம். மீதிக் குப்பை எரிக்கப்பட்டு, சாம்பல் துவாஸிலிருந்து படகில் செமக்காவ் தீவுக்குப் போகிறது. நமக்கு இருக்கும் ஒரே குப்பை நிரப்பிடம் அதுதான். அது 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்பது கணக்கு. உங்கள் புளோக்கின் தொட்டியைப் பற்றி எனக்குக் கவலை வருவது இதனால்தான்.

இப்போது நாடாளுமன்றத்துக்கு வருவோம். உறுப்பினர் பேசினால் மாறுமா என்று சந்தேகப்படுகிறீர்கள். பிளாஸ்டிக் பையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கட்டணம் விதிக்கலாமே என்று உறுப்பினர்கள் பலமுறை கேட்டார்கள். 2018இல் அரசாங்கம் மறுத்தது. தாள் பையாலும் சுற்றுப்புறத்துக்குக் கேடுதான் என்பது அன்றைய பதில். கேள்வி நிற்கவில்லை. 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகளில் பைக்குக் குறைந்தது 5 காசு. இன்னோர் எடுத்துக்காட்டு: 2021 பிப்ரவரி 1ஆம் தேதி, நீ சூன் குழுத்தொகுதி உறுப்பினராக இருந்த லூயிஸ் இங் பருவநிலை மாற்றம் பற்றிய தீர்மானத்தை முன்வைத்தார். பருவநிலை மாற்றம் உலகளாவிய அவசரநிலை என்று நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்டது. பேச்சு ஒரே நாளில் பலிப்பதில்லை. விடாமல் கேட்டால் பலிக்கிறது.

ஆனால் உங்கள் மனு இப்போதிருக்கும் வடிவத்தில் பலிக்காது. மூன்றும் மூன்று மேசைகளுக்குப் போக வேண்டியவை. மறுபயனீடு நீடித்த நிலைத்தன்மை, சுற்றுப்புற அமைச்சின் பொறுப்பு. சுற்றுலாவைப் பார்ப்பது சிங்கப்பூர் பயணத்துறைக் கழகம். அது வர்த்தக, தொழில் அமைச்சின் கீழ் வருகிறது. மின்சாதனங்களின் சிக்கனத் தரம் சுற்றுப்புற வாரியத்திடமும் மின்சாரச் சந்தை எரிசக்திச் சந்தை ஆணையத்திடமும் இருக்கின்றன. மூன்றையும் சேர்த்துக் கேட்டால், எல்லாம் கவனிக்கப்படுகிறது என்ற பதில்தான் வரும். ஓர் உறுப்பினர் ஓர் அமர்வுக்கு ஐந்து கேள்விகள் வரைதான் கொடுக்க முடியும். கேள்வி நேரமோ ஒன்றரை மணி நேரம். உங்கள் கேள்வி குறுகலாக, ஓர் எண்ணைக் கேட்பதாக இருக்க வேண்டும்.

இன்னொன்று. பிடோக் முழுவதும் ஒரே தொகுதியில் இல்லை. பெரும்பகுதி ஈஸ்ட் கோஸ்ட் குழுத்தொகுதியில், பிடோக் ரெசர்வோர் பக்கம் ஒரு பகுதி அல்ஜுனிட் குழுத்தொகுதியில் வருகிறது. அமைச்சுப் பதவியில் இருப்பவர்கள் நாடாளுமன்றத்தில் கேள்வி கொடுப்பதில்லை. உங்கள் உறுப்பினர் அப்படிப்பட்டவராக இருந்தால், அதே குழுத்தொகுதியின் பின்வரிசை உறுப்பினர் வழியாகக் கேட்கச் சொல்லுங்கள். தமிழிலேயே எழுதலாமா என்று தயங்க வேண்டாம். நாடாளுமன்றத்திலேயே தமிழில் பேச இடமுண்டு.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படி எழுதுவேன்.

முதல் கேள்வி நீலத் தொட்டி. "ஒவ்வொரு வட்டாரத்திலும் தொட்டிகளில் சேர்வதில் எத்தனை விழுக்காடு கழிவாக ஒதுக்கப்படுகிறது? தாளுக்கு மட்டும் தனித் தொட்டி வைத்துப் பார்க்கும் திட்டம் உண்டா?" நாடு முழுவதற்குமான 40 விழுக்காடு யாரையும் உறுத்துவதில்லை. பிடோக்கின் எண் தெரிந்தால் பிடோக்குக்கு உறுத்தும். தொட்டியைப் பற்றி நகர மன்றத்திடம் புகார் சொல்வதில் பயன் குறைவு. அதைக் காலி செய்வது வாரியத்திடம் உரிமம் பெற்ற கழிவு சேகரிப்பு நிறுவனம்.

இரண்டாவது மின்சிக்கனம். இதில் பாதி வேலை உங்கள் கையிலேயே இருக்கிறது. சிங்கப்பூரர் வசிக்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளுக்கு 2024 ஏப்ரலில் 300 வெள்ளி பருவநிலைப் பற்றுச்சீட்டு வந்தது. 2025இல் மேலும் 100 வெள்ளி. சிங்பாஸ் வழியாகப் பெறலாம். 2027 இறுதிவரை செல்லும். எல்இடி விளக்கு, டிசி மின்விசிறி, சிக்கனக் குளிர்பதனப் பெட்டி போன்றவற்றை வாங்க உதவும். மின்விசிறியோடு தூங்குகிறீர்கள் என்றால் டிசி மின்விசிறியிலிருந்து தொடங்குங்கள். திறந்த கதவுக் கடைகள் பற்றி உறுப்பினரிடம் கேளுங்கள்: வீட்டுக்குப் பற்றுச்சீட்டு தருவதுபோல், குளிர்சாதனம் ஓடும்போது கதவை மூடிவைக்கக் கடைகளுக்கு ஏதேனும் விதி வருமா? நம் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவை எரித்துத்தான் வருகிறது. தெருவுக்குப் போகும் குளிருக்கும் அதே எரிவாயுதான் எரிகிறது.

மூன்றாவது சுற்றுலா. இதுதான் வலுவான கேள்வி, பலர் கேட்காததும்கூட. 2024இல் 1 கோடியே 65 லட்சம் பயணிகள் இங்கு வந்தார்கள். ஹோட்டல் அறைகளில் 60 விழுக்காடு 2025க்குள் அனைத்துலக நிலைத்தன்மைச் சான்றிதழ் பெற வேண்டும் என்று 2022இல் இலக்கு வைத்தார்கள். "அதில் லிட்டில் இந்தியாவின் சிறு ஹோட்டல்கள் எத்தனை?" என்று கேட்கச் சொல்லுங்கள். பெரிய ஹோட்டல்களுக்கு ஆளும் பணமும் உண்டு. டன்லப் தெருவிலும் சுற்றியுள்ள சந்துகளிலும் இருக்கும் சின்னத் தங்குவிடுதிக்கு யார் உதவுகிறார்கள் என்பது தெரிய வேண்டும்.

தேக்காவில் நீங்கள் பார்த்த புட்டிகளுக்கும் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பானப் புட்டி, டின் ஒவ்வொன்றுக்கும் 10 காசு வைப்புத்தொகை வாங்கி, திருப்பிக் கொடுத்தால் காசைத் தரும் திட்டத்துக்கு 2026 ஏப்ரல் 1 தொடக்க நாளாகக் குறிக்கப்பட்டது. 200 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பேரங்காடிகள் திரும்பப் பெறும் இடம் அமைக்க வேண்டும். சிராங்கூன் சாலையின் சின்ன மளிகைக் கடைகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தேக்காவைச் சுற்றி நடக்கும் பயணி அந்தப் புட்டியை எங்கே கொடுப்பார்? அவர் விட்டுப்போனால் அதைப் பொறுக்கும் முதியவருக்காவது அந்த 10 காசு எளிதில் கிடைக்குமா?

மூன்றையும் மூன்று தனித் தாள்களில் எழுதுங்கள். உங்கள் புளோக்கின் தொட்டியை ஒரு வாரம் தினமும் படம் எடுத்து முதல் தாளோடு இணைத்துவிடுங்கள். சந்திப்பில் ஒரே தாளுக்குத்தான் நேரம் கிடைக்கும் என்றால், சுற்றுலாத் தாளைக் கொடுங்கள்.