பச்சைத் திரை

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும் நடந்திருக்கிறீர்களா? அங்குள்ள பழைய வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும். பக்கத்து வீட்டுச் சன்னல் நம்மைப் பார்க்க வழியே இல்லை. திருச்சியின் புதிய நகர்களில் அப்படி அல்ல. வீட்டைச் சுற்றி இடம் விட்டுக் கட்டுகிறார்கள். இவர்கள் சமையலறைச் சன்னலுக்கு நேரே அவர்கள் படுக்கையறைச் சன்னல்! மதிலை உயர்த்தினால் பார்வையோடு காற்றும் நின்றுவிடும். கோடையில் 40 டிகிரி செல்சியசைத் தாண்டும் ஊரில் அது சரிப்படுமா? இலைகளாலான வேலியோ பார்வையை மறைக்கும். காற்றுக்கு வழி விடும்.

அதற்கு எந்தச் செடியை நடலாம்? நம் கிராமங்களில் உயிர்வேலி என்றாலே கிளுவை நினைவுக்கு வரும். போத்து வெட்டி நட்டால் போதும், வேர் பிடித்துவிடும். ஆனால் நீர் குறைந்த கோடையில் கிளுவை இலைகளை உதிர்த்துக் குச்சியாக நிற்கும். நாம் சன்னல்களைத் திறந்து வைக்கும் மாதங்களில்தான் திரை விலகிவிடுகிறது! வேலி வேறு, திரை வேறு என்பது புரிகிறதல்லவா?

அரளி ஆண்டு முழுவதும் பசுமையாக இருக்கும். ஆனால் அதன் இலை, பூ, தண்டு எல்லாமே நஞ்சு. குழந்தைகள் விளையாடும் இடத்தில் அது வேண்டாம்.

மருதாணி, நொச்சி, ஆடாதோடை ஆகிய மூன்றும் ஏற்றவை. மருதாணி வறட்சியைத் தாங்கும். கோடையில் தண்ணீர் விட்டு வந்தால் இலை நிற்கும். ஆடாதோடையில் வாசிசின் என்னும் கசப்புப் பொருள் இருப்பதால் ஆடு மாடுகள் அதை நாடுவதில்லை. மூன்றுமே போத்திலிருந்து வளரும். வெட்ட வெட்டத் தழைப்பது இவற்றின் பெரிய சிறப்பு.

வெட்டினால் ஏன் தழைக்கிறது? செடியின் வளர்நுனியில் ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருள் உண்டாகிக் கீழ்நோக்கி இறங்குகிறது. அது இலைக்கோணங்களில் உள்ள மொட்டுகளை வளரவிடாமல் தடுக்கிறது. இதற்கு நுனி ஆதிக்கம் என்று பெயர். 1933-இல் திமான், ஸ்கூக் என்ற இரு அறிஞர்கள் ஒரு வகை அவரைச் செடியின் நுனியை வெட்டினார்கள். பக்க மொட்டுகள் வளர்ந்தன. வெட்டிய இடத்தில் ஆக்சினை வைத்ததும் அவை அடங்கிவிட்டன! வேறு சில வளர்ச்சிப் பொருள்களுக்கும் இதில் பங்கு உண்டு என்பது பின்னர் தெரியவந்தது.

வேலி வைப்பவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். விரைவில் உயரட்டும் என்று வெட்டாமல் விட்டுவிடுகிறார்கள். செடியும் உயர்கிறது. ஆனால் தலையில் குடை, கண் மட்டத்தில் ஓட்டை!

ஆகவே ஐப்பசி மழை தொடங்கியதும் ஒன்றரை அடி இடைவெளியில் நடுங்கள். செடி ஓரடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். பிறகு ஒவ்வோர் அரையடி வளர்ச்சிக்கும் ஒரு முறை வெட்டுங்கள். வேலியின் அடிப்பக்கம் அகலமாகவும் உச்சி குறுகியும் இருக்கட்டும். உச்சி அகன்றால் கீழ் இலைகள் நிழலில் சிக்கி உதிர்ந்துவிடும். ஆறடி உயரம் போதும்.

எல்லைக் கோட்டின் மேலேயே நட்டுவிடாதீர்கள். இரண்டடி உள்ளே தள்ளி நட்டால், இருபுறமும் நம் இடத்திலிருந்தே வெட்டலாம். நடுவதற்கு முன் பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மறைப்புக்காக வைத்த செடி மனத்தாங்கலுக்குக் காரணமாகக் கூடாது.

செய்து பாருங்கள்: இரண்டு தொட்டிகளில் ஒரே அளவுள்ள மருதாணிக் கன்றுகளை வையுங்கள். ஒன்றின் நுனியைக் கிள்ளுங்கள், மற்றதை விட்டுவிடுங்கள். வாரம் ஒரு முறை பக்கக் கிளைகளை எண்ணிக் குறித்து வாருங்கள். எந்தக் கன்று திரையாகும் என்பதை உங்கள் நோட்டுப் புத்தகமே சொல்லும்.