கைபேசியில் பாடம் கேட்கும் பிள்ளைகள்



சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் சிலர் இப்போது கைபேசியில் சாட் ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் பாடம் கேட்கிறார்கள். 2022 நவம்பரில் வெளிவந்த இக்கருவி, டவுனுக்கு டியூஷன் போக பஸ் காசு இல்லாத பிள்ளைக்கு உதவிதான். பிடுங்கி வைக்க வேண்டியதில்லை.

ஆனால் அதற்குள்ளே வாத்தியார் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. ஏராளமான எழுத்துக்களில் பழக்கப்பட்ட இயந்திரம், அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணித்துக் கணித்து எழுதுகிறது. பழகியதில் ஆங்கிலம் அதிகம், தமிழ் குறைவு. ஆகவே பிழையான பதிலையும் தயங்காமல் அழகாகச் சொல்லிவிடும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 20,000 ரூபாவுக்கு ஆண்டுக்கு 12 வீத எளிய வட்டி. 9 மாதத்துக்கு எவ்வளவு? கேள்வியை அப்படியே போட்டால் விடை வந்துவிடும், பிள்ளையும் கொப்பியில் எழுதிவிடும். பரீட்சை மண்டபத்தில் கைபேசி ஏது? முதலில் பிள்ளையே செய்யட்டும். 9 மாதத்தை 9 வருடமாக எடுத்து 21,600 என்று போட்டிருந்தால், தன் செய்கையை எழுதி, "விடையைச் சொல்லாமல் பிழையை மட்டும் காட்டு" என்று கேட்கலாம். வருடத்துக்கு 2,400, ஆகவே 9 மாதத்துக்கு 1,800 என்று தானே கண்டுபிடிக்கும்.

நாம படிக்கலையே என்று ஒதுங்க வேண்டாம். நகையை அடகு வைத்து வட்டி கட்டுகிற நமக்கு, 9 மாதத்தில் முதலைவிட வட்டி கூடாது என்று தெரியாதா? "இது எப்படி வந்துச்சு, சொல்லு பார்ப்போம்" என்று கேளுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் பிள்ளைக்கு இன்னும் விளங்கவில்லை.

வரலாற்றில் கூடுதல் கவனம் தேவை. நம் மக்களைப் பிரஜாவுரிமை இல்லாதவர்களாக்கிய சட்டம் 1948, சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1964. இப்படியான ஆண்டுகளை இயந்திரம் மாற்றிச் சொல்லக்கூடும். இலவசப் பாடநூலிலோ ஆசிரியரிடமோ சரிபார்க்க வேண்டும்.

சாட் ஜிபிடி நிறுவனத்தின் விதிப்படி 13 வயதுக்குக் குறைந்தவர்கள் அதைப் பாவிக்கக் கூடாது. 18 வயது வரை பெற்றோரின் சம்மதம் வேண்டும். அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு, குடும்பப் படங்கள் எதையும் அதில் போட விடாதீர்கள். ஈ.பி.எப். பாரம் நிரப்ப அப்பாவின் இலக்கத்தை அதில் அடிக்கவும் வேண்டாம். பாரத்தை எடுத்துக்கொண்டு நலன்புரி அலுவலகத்துக்கு வாங்க, சேர்ந்து நிரப்பலாம்.