வழிவழி வந்த முதுமொழி

நம் முன்னோர் தம் வாழ்வில் கண்டறிந்த உண்மைகளைச் சுருங்கிய சொற்களில் கூறிவைத்தனர். அவையே பழமொழிகள். தொல்காப்பியம் இவற்றை ‘முதுமொழி’ என்று குறிப்பிடுகிறது. முன்றுறை அரையனார் இயற்றிய ‘பழமொழி நானூறு’ பாட்டுதோறும் ஒரு பழமொழியை எடுத்தாள்கிறது. ஆயினும், நூல் கற்க வாய்ப்பில்லாத உழவரும் தாய்மாரும் நூற்றுக்கணக்கான பழமொழிகளை அறிந்திருந்தனர். அவர்களுக்கு அவற்றைக் கற்பித்தவர் யார்?

பழமொழியை எவரும் தனிப்பாடமாக நடத்தவில்லை. உரிய வேளையில் உரைத்தனர். பேரன் உண்டியலில் காசு இடும்போது, “சிறுதுளி பெருவெள்ளம்” என்றார் பாட்டி. அவன் பல் துலக்கும்போது, “ஆலும் வேலும் பல்லுக்குறுதி; நாலும் இரண்டும் சொல்லுக்குறுதி” என்றார் தாத்தா. ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி தரும். நான்கடியால் அமைந்த நாலடியாரும் இரண்டடியால் அமைந்த திருக்குறளும் சொல்லுக்கு உறுதி தரும். ஆலும், வேலும், நாலும் என்னும் எதுகையால் அத்தொடர் எளிதில் மனத்தில் பதிந்தது. குச்சி கையில் இருந்ததால் பொருளும் விளங்கியது.

சொல் மட்டும் வந்து, அது பிறந்த சூழல் உடன் வராவிடின் பொருள் மாறிவிடும். “ஆடிப்பட்டம் தேடி விதை” என்பதைத் தில்லியில் வளரும் குழந்தை கேட்டால், விடுதலை நாளில் மாடிதோறும் பறக்கும் காற்றாடியையே எண்ணும். அந்நாளும் ஆடி மாதத்தில் வருவதால் ஐயமும் எழாது! இங்குப் ‘பட்டம்’ என்பது விதைப்பதற்குரிய பருவம். ஆடியில் விதைத்த பயிர், ஐப்பசி அடைமழைக்கு முன் நன்கு வேரூன்றிவிடும். பருவம் தவறினால் உழைப்பு வீணாகும். எனவே, ‘காலமறிந்து செயலாற்றுக’ என்பதே இதன் கருத்து. இது உழவருக்கு மட்டுமன்று, மாணவருக்கும் பொருந்தும்.

ஊர் மாறினாலும் அனுபவம் மாறுவதில்லை. துளித்துளியாய்க் குடம் நிறையும் என்னும் பொருளில் இந்தியிலும் ஒரு பழமொழி வழங்குகிறது. ஆனால், நம் பழமொழி பிறந்த வயலையும் மரத்தையும் அறிந்தவர்கள் நம் வீட்டு முதியோரே. அவர்களிடம் கேட்டறிந்தால்தான் சொல்லோடு பொருளும் அடுத்த தலைமுறைக்குச் சென்று சேரும்.

சொற்பொருள்
உறுதி – வலிமை, நன்மை
பட்டம் – பருவம்
அடைமழை – விடாது பெய்யும் மழை

பயிற்சி
1. ‘நாலும் இரண்டும்’ என்பவை எந்நூல்களைக் குறிக்கின்றன?
2. ‘பட்டம்’ என்னும் சொல்லை இருவேறு பொருளில் அமைத்துத் தொடர் எழுதுக.
3. ஊரிலுள்ள தாத்தா அல்லது பாட்டியிடம் தொலைபேசியில் ஒரு பழமொழியைக் கேட்டு, அதை எவ்வேளையில் கூறுவர் என்பதையும் எழுதுக.