பக்கவாதச் சிகிச்சையில் உயிரணு நுண்பைகள்

கோலார் தங்கவயலில் இயங்கிவந்த பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. அங்கு உழைத்த தமிழ்த் தொழிலாளர் பலர் இன்று முதுமையை எட்டியுள்ளனர். முதுமையில் நேரும் இடர்களுள் பக்கவாதம் முதன்மையானது. உயர்நிலை நரம்பியல் சிகிச்சைக்குப் பெயர்பெற்ற பெங்களூரு நகரமோ சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இத்தொலைவின் பொருள் யாது?

மூளையின் பெரிய இரத்தக்குழாய் அடைபட்டால், நிமிடத்திற்குச் சுமார் 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிவதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. அடைப்பைக் கரைக்கும் ஊசிமருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் செலுத்திவிட வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்து, மூளையில் இரத்தக்கசிவு இல்லை என உறுதிசெய்தல் அவசியம். காலம் தவறியோருக்கு உதவும் வழிகளுள் ஒன்றாக ஆராயப்படுவதே நுண்பைச் சிகிச்சை.

உயிரணுக்கள் 'எக்ஸோசோம்' என்னும் நுண்பைகளை வெளியிடுகின்றன. ஏறத்தாழ 30 முதல் 150 நானோமீட்டர் அளவுள்ள இவை, புரதங்களையும் ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளையும் பிற உயிரணுக்களுக்கு ஏந்திச் செல்கின்றன. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரிலுள்ள ஹென்றி ஃபோர்டு மருத்துவமனையின் ஆய்வாளர்கள், மூல உயிரணுக்களிலிருந்து பெற்ற நுண்பைகளைப் பக்கவாதம் உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு 24 மணி நேரம் கழித்துச் செலுத்தினர். அவற்றின் இயக்கம் மேம்பட்டதாகவும், மூளையில் புதிய இரத்தக்குழாய்கள் தோன்றியதாகவும் 2013-இல் அறிவித்தனர். நுண்பைகள் உயிரணுக்களைப்போல் பெருகுவதில்லை. ஆகவே கட்டியாக வளரும் அச்சம் குறைவு.

எனினும், எலியில் கண்ட பயன் மனிதரிடம் கிட்டும் என்பதற்கு உறுதியில்லை. எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த மூல உயிரணுக்களை 120 நோயாளிகளைக் கொண்டு இந்தியாவில் சோதித்த ஆய்வின் முடிவு 2014-இல் வெளியாயிற்று. சிகிச்சை பாதுகாப்பானது, ஆனால் பயன் புலப்படவில்லை. பக்கவாதத்திற்கு மூல உயிரணுச் சிகிச்சையை முறையான ஆய்வுக்கு வெளியே அளிக்கலாகாது என்பதே 2017-ஆம் ஆண்டு தேசிய வழிகாட்டு நெறிகளின் நிலை. எக்ஸோசோம் மருந்து எதற்கும் ஒப்புதல் அளிக்கப்படவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2019-இல் எச்சரித்தது. எனவே, இதன் பெயரால் கட்டணம் கேட்போரிடம் ஓய்வூதியச் சேமிப்பை இழத்தல் கூடாது.

ஆய்வு தொடரட்டும். அதுவரை தங்கவயல் போன்ற ஊர்களுக்குத் தேவை மூன்று: இரத்த அழுத்தக் கட்டுப்பாடு, முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றை உடனே உணரும் விழிப்பு, அருகிலேயே ஸ்கேனும் ஊசிமருந்தும். காலத்தைக் காப்பதே மூளையைக் காப்பதாகும்.