புகைக்குழாய்க்கு எதற்குப் போர்வை?

வெப்பம் பாடம் நடத்தும்போது கம்பளியையும் வெற்றிடக் குடுவையையும் சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுவது நம் வழக்கம். ஒருமுறை என் வகுப்பில் ஒரு மாணவி, பெரிய டீசல் ஜெனரேட்டரின் புகைக்குழாயைச் சுற்றி ஏன் பஞ்சு கட்டித் தகடு போர்த்துகிறார்கள் என்று கேட்டாள். அவளுடைய அப்பா ஜெனரேட்டர் பழுதுபார்ப்பவர். “குழாய் சூடாகாமல் இருக்க” என்று சொல்லிவிட்டேன். மறுநாள் வந்தாள். “அப்பா தப்புன்னு சொல்றாங்க சார். சுத்தினா குழாய் இன்னும் சூடாகுமாம்.”

அவர் சொன்னதே சரி. இயந்திரம் முழுச் சுமையில் ஓடும்போது புகையின் வெப்பநிலை 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வரை போகும். வெறுங்குழாயாக இருந்தால் வெளிக்காற்று வெப்பத்தை வாங்கிக்கொண்டே இருக்கும். உலோகம் புகையைவிடக் குளிர்ந்திருக்கும். பாறைக் கம்பளியைச் சுற்றியதும் அந்த வழி அடைபடுகிறது. உலோகத்தின் சூடு புகையின் சூட்டை நெருங்குகிறது. நாம் தொடும் மேல்தகடு மட்டுமே குளிர்கிறது.

பிறகு ஏன் சுற்ற வேண்டும்? கை வெந்துபோகாமல் இருக்க என்பது ஒரு காரணம். நம் பாடத்துக்கு உதவுவது மற்றொன்று. திறந்தவெளியில் செல்லும் வெறுங்குழாயின் ஒரு பக்கத்தில் காற்றும் மழையும் படும். சுவரை ஒட்டிய பக்கம் சூடாகவே இருக்கும். சூடான பக்கம் அதிகம் நீளும். ஈருலோகத் தகடு வளைவதுபோலக் குழாயும் வளையும். 6 மீட்டர் நீளமும் 30 செ.மீ. விட்டமும் உள்ள எஃகுக் குழாயில் இரு பக்கங்களுக்கும் 50 டிகிரி வேறுபாடு இருந்தால், நடுப்பகுதி ஏறத்தாழ 9 மி.மீ. விலகும். வளையவிடாமல் இறுக்கிப் பிடித்தால், நாளடைவில் பற்றவைத்த இடத்தில் விரிசல் விழும். விரிசல் வழியே அறைக்குள் வருவது கார்பன் மோனாக்சைடு கலந்த புகை.

ஆகவே காப்பு முழுச்சுற்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சுற்றுவது, சுற்றாமல் விடுவதைவிடக் கெடுதல். மழையில் ஒரு பக்கம் நனைந்த கம்பளியும் அப்படித்தான். (முன்பு கல்நார்க் கயிறு சுற்றினார்கள். அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. பழைய குழாய்களின் அருகே மாணவர்களை விடாதீர்கள்.)

வகுப்பில் செய்து பார்க்க இரண்டு எவர்சில்வர் டம்ளர்கள் போதும். கை பொறுக்கும் சூட்டில் சம அளவு வெந்நீரை நீங்களே ஊற்றி, ஒன்றுக்கு மட்டும் துண்டைச் சுற்றுங்கள். இருபது நிமிடம் கழித்து முதலில் துண்டின் மேல் தொடச் சொல்லுங்கள். பிறகு துண்டை உருவிவிட்டு இரு டம்ளர்களையும் தொடச் சொல்லுங்கள். சுற்றியிருந்த டம்ளர்தான் அதிகச் சூடு! ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்: நீர் சுவருக்கு வெப்பத்தை எளிதில் கொடுக்கும், புகை அப்படிக் கொடுக்காது. அதனால்தான் குழாயின் சூட்டை வெளிக்காற்று அவ்வளவு மாற்றிவிடுகிறது.

மேல்வகுப்புக்கு ஒரு கணக்கு. எஃகின் நீள்விரிவுக் குணகம் டிகிரிக்கு 0.000012. 10 மீட்டர் குழாய் 30 டிகிரியிலிருந்து 430 டிகிரிக்குப் போனால் 48 மி.மீ. நீளும். காப்பு இந்த நீட்சியைக் குறைக்காது, கூட்டவே செய்யும். எல்லாப் பக்கமும் சமமாக நீளச் செய்யும், அவ்வளவே. அந்த 48 மி.மீ. எங்கே போகும் என்று கேட்டுவிட்டுச் சற்றுக் காத்திருங்கள். என் வகுப்பில் அந்த மாணவி கரும்பலகைக்கு வந்து, குழாயின் நடுவே ஆர்மோனியத் துருத்திபோல மடிப்புகள் வரைந்தாள். பெல்லோஸ் என்று கடையில் கேட்டு வாங்குவது அதைத்தான்.